புகையாத வண்டி

கரக் ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த வஜ்திக்கு அதிகாரிகள் மேல் எந்தக் குறையும் இருந்ததில்லை. அவர்கள் கடைக்கு வருவார்கள். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துகளை எட்ட நின்று படிக்கப் பார்ப்பார்கள். முடியாமல் போனதும், "வெளிச்சம் பத்தல" என்று சுவரைக் குற்றம் சொல்லிவிட்டு, கண்ணாடி வாங்கிக்கொண்டு போவார்கள். வஜ்தியும் ஆமாம் ஐயா, வெளிச்சம் கம்மிதான் என்பார். அவர்கள் இருக்கும் இடத்துக்கு அவரே போய் நிற்கும்படி ஆனது சென்ற கோடையில்தான்.

அவர் மனைவி சுஹைரின் தங்கை நிஸ்ரீன், எல்லைக்கு அந்தப் பக்கம், கடற்கரை நகரம் ஒன்றில் குடியிருந்தாள். எந்த நாடு என்று இங்கே சொல்வதற்கில்லை. அங்கே கடல் நன்றாக இருக்கிறது, வஜ்திக்கு மறுபடியும் போக ஆசை இருக்கிறது. நிஸ்ரீனும் அவள் கணவனும் கனடாவுக்கே குடிபெயர்ந்து போவதாக முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை விமானம். வியாழக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்து, ஒரு முழுப் பொழுது தங்கையோடு இருந்து, வழியனுப்பிவிட்டு, அப்படியே ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டு கிடப்பது என்று சுஹைர் திட்டம் போட்டாள். அவளுடைய அண்ணன் ஃபவ்வாஸும் கூட வந்தான்.

வஜ்தியின் கார் மின்சாரக் கார். சீனாவிலிருந்து நேராக வந்தது. அதனால் அது பேசுவதெல்லாம் சீனமொழிதான். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அவ்வப்போது கனிவாக ஏதோ சொல்லும். வஜ்தி "சரிங்க மேடம்" என்பார்.

"நான் சொன்னா ஒரு நாளும் சரின்னு வராது. அவ என்ன சொன்னான்னே தெரியல, அதுக்கு ஒரு சரி" என்பாள் சுஹைர்.

வழியில் சார்ஜ் போட நின்றபோது ஃபவ்வாஸ் காலாட்டிக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்தான். அவன் டீசல் டேங்கர் ஓட்டியே நரைத்தவன்.

"மச்சான், என் வண்டிக்குப் பசிச்சா அஞ்சே நிமிஷம். வாயைத் திறக்கும், ஊத்துவேன், மூடும். உங்க வண்டி என்னடான்னா விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுது."

"சத்தமில்லாம சாப்பிடுது பாரு" என்றார் வஜ்தி பெருமையாக.

எல்லையை அடையும்போது பேட்டரியில் பாதிக்கு மேல் இருந்தது. அடுத்த சார்ஜர் இருக்கும் ஊருக்கு அது தாராளம். சொந்த நாட்டுச் சாவடியில் கையசைத்து விட்டார்கள். அந்தப் பக்கத்துச் சாவடியில் கஹ்வா காபி கொடுத்தார்கள், பேரீச்சம்பழம் கொடுத்தார்கள், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, "உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றார்கள். சுஹைர் தங்கைக்குப் போன் போட்டாள்.

"நிஸ்ரீன், தாண்டிட்டோம்டி! மக்லூபா சோத்தை அடுப்புல ஏத்திடு."

"ஏத்தியாச்சு. வீட்ல சாமானெல்லாம் வித்தாச்சு, ஒரு பானையும் ஒரு தாம்பாளமும்தான் மிச்சம். நீ வந்தப்புறம்தான் பானையைத் தாம்பாளத்துல கவுப்பேன், சீக்கிரம் வா."

போனை வைத்தபோது அவர்கள் முன்னால் ஒரு கட்டிடம் நின்றது. சாவடியிலேயே பெரிய கட்டிடம் அதுதான். நெற்றியில், "அயல் வாகனப் புகை ஒழுங்கு வாரியம்" என்றும், அதன் கீழே, "அளந்த புகையே அழகான புகை" என்றும் எழுதியிருந்தது.

ஆய்வாளர் ராயித் நீளமான குழாயும் ஒரு மீட்டருமாக வந்து, காரின் பின்னால் மண்டியிட்டான். எழுந்தான். பக்கவாட்டில் மண்டியிட்டான். மறுபடி எழுந்தான்.

"சைலன்சர் எங்க?"

"இல்லைங்க."

"திருடு போயிடுச்சா?"

"வாங்கும்போதே இல்லைங்க. இது மின்சார வண்டி. புகை வராது."

ராயித் அவரை இரக்கத்தோடு பார்த்தான். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

குழாயைக் காரின் அடியில் நீட்டினான். மீட்டர் பூஜ்யம் காட்டியது. தட்டினான். பூஜ்யம். பக்கத்தில் நின்ற லாரியில் போய்ச் சொருகினான். முள் துள்ளியது. திரும்பி வந்தான்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. வண்டிலதான் கோளாறு. ஒண்ணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல காட்டினாத்தான் ஸ்டிக்கர் வரும்."

"அஞ்சுக்கு மேல போனா?"

"அபராதம் கட்டிட்டுப் போலாம். ஒண்ணுக்குக் கீழ போனதுக்குத்தான் விதி இல்ல. இதுவரைக்கும் யாரும் அவ்வளவு தூரம் போனதில்ல."

பானெட்டைத் திறக்கச் சொன்னான். உள்ளே ஒரு தர்பூசணியும் சுஹைரின் கடற்கரைச் செருப்பும் இருந்தன. ராயித் சற்று நேரம் குனிந்து பார்த்துவிட்டு, மாடிக்குப் போன் செய்தான்.

"ஐயா, இன்ஜின் இருக்கற இடத்துல தர்பூசணி இருக்கு… ஆமாங்க… இல்லைங்க, முழுப் பழம். வெட்டல."

மேலேயிருந்து வந்த தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. இன்ஜின் இல்லாத வண்டி விதிப்படி விலங்கு இழுக்கும் வண்டி. கால்நடைப் பிரிவில் பார்த்துக்கொண்டு வரவும்.

கால்நடைப் பிரிவு ஆட்டுக்கொட்டகைகளுக்கு நடுவில் இருந்தது. டாக்டர் இல்ஹாம் என்ற பெண்மணி கையுறையைக் கழற்றியபடி வெளியே வந்து காரைச் சுற்றினார். ஆட்டுக்கூட்டத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் பல காலம் ஓட்டியவர். அதனால் அவருக்கு இது ஒரு மாறுதலாக இருந்தது.

"எது இழுக்குது?"

"மின்சாரங்க."

"என்ன தின்னும்?"

"அதேதாங்க."

"சாணி போடுமா?"

"இல்லைங்க. அதுதான் இப்போ பிரச்சினையே" என்றார் வஜ்தி.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவர் அரசாங்க ஊழியர். சிரிப்பை அடக்கிக்கொண்டு சான்று எழுதிக் கொடுத்தார். பரிசோதித்ததில் விலங்கு ஏதும் காணப்படவில்லை என்றும், காணப்படாத விலங்குக்கு வாயிலோ குளம்பிலோ நோய் இல்லை என்றும் அதில் இருந்தது. "என்னால ஆனது இவ்வளவுதான். வெயிலா இருக்கு, தண்ணி காட்டிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

விலங்கும் இல்லை, இன்ஜினும் இல்லை என்பதால் வண்டி அடுத்தபடியாக வீட்டு உபயோகப் பொருள் ஆனது. அந்தப் பிரிவில் ஒரு குமாஸ்தா மிக்சிகளுக்கும் துணி துவைக்கும் இயந்திரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"பிளக் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ நம்மளோடதுதான். அட்டைப்பெட்டி எங்க?"

"எதுக்குங்க?"

"இது வந்த பெட்டி. பெட்டி இல்லாம எதையும் உள்ள விடறதில்ல."

"ஐயா, இது கார். கப்பல்ல வந்தது."

குமாஸ்தா யோசித்தார். விட்டுக்கொடுக்கக்கூடிய மனிதர்தான். "தெர்மாகோலாவது வெச்சிருக்கீங்களா?"

வைத்திருக்கவில்லை. ஆகவே மறுபடி புகை வாரியம். இந்த முறை ராயித் கடும் பரிசோதனை என்ற ஒன்றை ஆரம்பித்தான். வண்டியை நன்றாக வருத்தினால் புகைந்துவிடும் என்பது அதன் தத்துவம். ஏ.சி., விளக்குகள், வைப்பர், சீட்டைச் சூடாக்கும் வசதி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடச் சொன்னான். மத்தியானம் முழுக்க அந்தப் பாலைவன வெயிலில், மழையில்லாத கண்ணாடியை வைப்பர் துடைத்துக்கொண்டிருந்தது. மேடம் சீனத்தில் ஏதோ கெஞ்சிப் பார்த்தாள். பேட்டரி கால்வாசிக்கும் கீழே இறங்கியது. மீட்டர் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

நிஸ்ரீன் கூப்பிட்டாள். "அக்கா, எங்க இருக்கே?"

"எல்லையிலதான்."

"மூணு மணி நேரமா எல்லையிலயே இருக்கே. எல்லை அவ்வளவு அகலமா?"

"வந்துருவோம்டி" என்றாள் சுஹைர். வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணில் தூசி விழுந்ததுபோல் துடைத்தாள். வஜ்தி அதைப் பார்த்தார். நேரே மாடி ஏறிப் போனார்.

இயக்குநர் புர்ஹானின் அறை குளுகுளுவென்று இருந்தது. சுவர் முழுக்க அவர் பலவிதமான வண்டிகளின் புகையை அளக்கும் படங்கள். அன்பான மனிதர். வஜ்தியை உட்கார வைத்து, தேநீர் வரவழைத்து, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டபின்தான் பேசத் தொடங்கினார்.

"உஸ்தாத் வஜ்தி, நான் புகைக்கு எதிரி. புகையை ஒழிக்கறதுக்குன்னே பொறந்தவன்னு என் சம்சாரம் சொல்லுவா. ஆனா ஒழிக்கணும்னா முதல்ல புகை வேணும் இல்லையா? கீழ அறுபது பேர் வேலை பார்க்கறாங்க, எல்லாம் பிள்ளைகுட்டிக்காரங்க. புகை விட்டுட்டு வர்றான் பாருங்க, அவன் மரியாதை தெரிஞ்சவன். வர்றான், புகையைக் காட்டறான், நாங்க கண்டிக்கறோம், வருத்தப்படறான், ஸ்டிக்கரை வாங்கிட்டுப் போறான். ரெண்டு பக்கமும் திருப்தி. நீங்க என்ன பண்றீங்க? எதையுமே காட்ட மாட்டேங்கறீங்க. உள்ள எதையோ அடக்கி வெச்சிருக்கீங்க."

"அடக்கி வைக்கலைங்க. நிஜமாவே இல்ல."

"இருக்கலாம். ஆனா இல்லைன்னு நிரூபிக்க எங்ககிட்ட மெஷின் கிடையாது. இருக்குன்னு நிரூபிக்கத்தான் இருக்கு. இன்னொண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. இன்னிக்கு உங்களை விட்டா, நாளைக்கு எல்லாரும் புகையில்லாம வர ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் இந்த நாட்டுல புகையைத் தடுக்கறதுக்கு யாரு இருப்பா?"

வஜ்தி தேநீரைக் குடித்தார். தேநீர் நன்றாக இருந்தது, அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் முகத்தைப் பார்த்து இயக்குநருக்கு மனம் இளகியது. "விதியில ஒரு இடம் இருக்கு. சைலன்சர் தொலைஞ்ச வண்டிக்கு வாரியமே தற்காலிகச் சைலன்சர் மாட்டி விடலாம். உங்களுக்காகப் பண்றேன்."

கிடங்கிலிருந்து துருப்பிடித்த ஒரு குழாய் வந்தது. காரின் பின்பக்கம் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஒரு முனை பின்னால் நீட்டிக்கொண்டது, மறுமுனை சக்கரத்தின் பக்கத்தில் வளைந்து வெளியே எட்டிப் பார்த்தது. ராயித் மீட்டரைச் சொருகினான். பூஜ்யம்தான். ஆனால் இப்போது அது முறைப்படி சைலன்சரிலிருந்து வந்த பூஜ்யம் என்பதால் எல்லோருக்கும் கொஞ்சம் நம்பிக்கை பிறந்திருந்தது.

இத்தனையும் நடக்கையில் ஃபவ்வாஸ் சுவரோர நிழலில் பாய் விரித்து, கரி பற்றவைத்து, ஆப்பிள் மணக்கும் புகையிலை போட்டு ஹூக்கா குடித்துக்கொண்டிருந்தான். வாரிய ஊழியர்கள் இரண்டு பேர் அவனோடு உட்கார்ந்து முறை வைத்து இழுத்தார்கள். அந்தப் புகையை யாரும் அளக்கவில்லை. அது வாகனத்திலிருந்து வரவில்லை.

சுஹைர் காரிலிருந்து இறங்கினாள். அண்ணன் முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எழுந்திரு."

"இப்போதான் கரி பிடிச்சுது, இரு."

"பாயையும் அதையும் தூக்கிட்டு வா. சக்கரத்துக்குப் பக்கத்துல உட்காரு. இழு. இழுத்ததை இந்தக் குழாய்க்குள்ள ஊது."

ஃபவ்வாஸ் அவளைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், ராயித்தைப் பார்த்தான். "தம்பி, பரவாயில்லையா?"

ராயித் மாடிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "பின்னாடி என்ன வருதுன்னு பார்க்கறதுதான் எங்க வேலை. முன்னாடி என்ன போகுதுங்கறது வேற துறை."

ஃபவ்வாஸ் நெஞ்சு நிறைய இழுத்து ஊதினான். மீட்டரின் முள் சிலிர்த்து எழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்றில் நின்று, அழகாக நடுங்கியது. ஊழியர்கள் கைதட்டினார்கள். இயக்குநரே படியிறங்கி ஓடிவந்தார். குழாயருகே குனிந்து முகர்ந்தார்.

"அருமை! என்ன எரிபொருள் இது?"

"இரட்டை ஆப்பிள்" என்றான் ஃபவ்வாஸ் இருமலுக்கு நடுவில்.

இயக்குநர் சொல்லச் சொல்ல ராயித் எழுதினான். "எரிபொருள், பழ வகை. இன்ஜினைக் குளிர வைப்பது, தண்ணீர். சிலிண்டர்…" ஹூக்காவை ஒரு பார்வை பார்த்தார். "ஒண்ணு. ஒரு தடவை போட்டா எவ்வளவு நேரம் ஓடும்?"

"கரியை ஒழுங்கா பார்த்துக்கிட்டா ஒரு மணி நேரம் வரும்" என்றான் ஃபவ்வாஸ், தொழில்காரனாக.

"பார்த்தீங்களா உஸ்தாத்?" இயக்குநர் வஜ்தியின் தோளில் கைபோட்டார். "மனசு வெச்சா எந்த வண்டியும் புகை விடும். நாமதான் கேட்கற விதத்துல கேட்கணும்."

ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. வஜ்தி நன்றி சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். பேட்டரி இறங்கிவிட்டது, அடுத்த ஊர் வரை போகாது, அதோ அந்தத் தண்ணீர் மெஷின் பக்கத்தில் இருக்கும் பிளக்கில் கொஞ்ச நேரம் சொருகிக்கொள்ளலாமா?

இயக்குநரின் முகம் மாறியது. "மின்சாரமா? எதுக்கு?"

"வண்டி ஓடறதுக்கு."

"உஸ்தாத், இது பழப் புகையில ஓடற வண்டி. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். அதுக்கு அரசாங்க மின்சாரம் கொடுத்தா நாளைக்கு என்னைக் கேள்வி கேட்பாங்க."

வஜ்தி மறுபடி விளக்கப் போனார். அதற்குள் சுஹைர் முன்னால் வந்துவிட்டாள். அவள் குரல் தேனாக இருந்தது. அப்படிப்பட்ட குரல் வரும்போது கரக்கில் கடைக்காரர்கள் தாங்களாகவே விலையைக் குறைத்துவிடுவார்கள்.

"ஐயா சொல்றது நூத்துக்கு நூறு சரி. இது புகை விடற வண்டி. இப்போ நின்னுபோச்சு. நீங்க சான்று கொடுத்த வண்டி, கொடுத்த கையோட உங்க வாசல்லயே நிக்குது. வர்றவங்க போறவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

இயக்குநர் சாலையைப் பார்த்தார். வரிசையாக லாரிகள் வந்துகொண்டிருந்தன. "ஸல்லூம்!" என்று கத்தினார். "பிக்கப்பை எடு! இதைக் கட்டி இழுத்துட்டுப் போய் ஊர்ல விடு!"

வாரியத்தின் பிக்கப் வந்து நின்றது. அதன் பின்னால் வந்த கரும்புகையில் சற்று நேரம் கட்டிடமே தெரியவில்லை.

"இதை அளக்கறதில்லையா?" என்று ஃபவ்வாஸ் ராயித்திடம் கேட்டான்.

"அளக்கறவங்களை யாருங்க அளப்பாங்க?" என்றான் ராயித்.

கயிறு கட்டினார்கள். மிச்சமிருந்த சார்ஜைக் காப்பாற்ற வஜ்தி ஏ.சி.யை அணைத்து, ஜன்னல்களை இறக்கினார். பிக்கப் நகர்ந்தது. பின்னாலேயே கார், புகையின் நட்டநடுவில். பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறும் வசதி ஒன்று காரில் இருந்தது, வஜ்தி அதைப் போட்டுவிட்டார். இழுபடும் காரின் சக்கரம் சுழலச் சுழல, திரையில் எண் மெல்ல ஏறத் தொடங்கியது. மேடத்தின் குரலிலும் ஒரு தெளிவு வந்தது.

ஃபவ்வாஸ் திரையை உற்றுப் பார்த்தான். "மச்சான்… இது ஏறுதே!"

"ஏறுது."

"டீசல் எரியறது அங்க. நிறையறது இங்க. அப்போ இதுவும் டீசல் வண்டிதானே!" அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தில் கரி படிவதுகூடத் தெரியாமல் வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

பாதி வழிதான் போயிருப்பார்கள். பிக்கப் இருமியது, குலுங்கியது, நின்றது. புகை கலைந்ததும் ஸல்லூம் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வந்தான்.

"டீசல் தீர்ந்துபோச்சு உஸ்தாத். என்னைக்குமே டீக்கடை வரைக்கும்தான் போவேன். அதுக்குத்தான் டீசல் தருவாங்க. இன்னிக்கு என்னமோ வண்டி ரொம்பத் திணறுச்சு, யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி."

வஜ்தி திரையைப் பார்த்தார். காலையில் எல்லைக்கு வந்தபோது இருந்த அளவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அவர் இறங்கிக் கயிற்றை அவிழ்த்தார். காரை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சுஹைர் உடுப்பின் கையைச் சுருட்டிக்கொண்டு கயிற்றின் மறுமுனையைப் பிக்கப்பில் கட்டினாள். அந்த வண்டியில் கை வைத்த இடமெல்லாம் கரி ஒட்டியது.

"மச்சான், இதால இழுக்க முடியுமா?" என்றான் ஃபவ்வாஸ். கேலி இல்லாமல் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இழுத்தது. உறுமாமல், இருமாமல், கரியைக் கக்காமல் இழுத்தது. ஸல்லூம் தன் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தான். ஃபவ்வாஸ் அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் டாஷ்போர்டை ஒருமுறை தட்டிக்கொடுத்தான், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

ஊர் எல்லையில் வாரியத்தின் ரோந்துக்காரர்கள் இருவர் நின்றிருந்தார்கள். காரை அவர்கள் பொருட்படுத்தவில்லை. பின்னால் வந்த பிக்கப்பைப் பார்த்துத்தான் வாயைப் பிளந்தார்கள்.

"நம்ம வண்டிடா! புகையே இல்லாம வருது பாரு!"

"இயக்குநர் சாதிச்சுட்டாருய்யா!"

இருவரும் விறைப்பாக நின்று சலாம் வைத்தார்கள். ஒருவன் படம் எடுத்தான். படத்தில் கயிறு விழாதபடி பார்த்து எடுத்தான். ஸல்லூம் ஜன்னல் வழியே கம்பீரமாகப் பதில் சலாம் வைத்தான். அவன் வேலை செய்த காலத்தில் அப்படி ஒரு மரியாதை அவனுக்குக் கிடைத்ததே இல்லை.

பெட்ரோல் பங்கில் அவனை விட்டுவிட்டு, பக்கத்துச் சார்ஜரில் காரும் வயிறு நிறைந்ததும் கிளம்பினார்கள். கடற்கரை நகரத்தைத் தொடும்போது சூரியன் தண்ணீரில் பாதி இறங்கியிருந்தது.

நிஸ்ரீன் கதவைத் திறந்தாள். மறுநாள் பயணத்துக்கு வைத்திருந்த வெள்ளை உடுப்பை அளவு பார்க்கப் போட்டிருந்தாள். வாசலில் மூன்று கரிய முகங்கள் நின்றன. ஒரு கணம் அவளுக்கு யாரென்று தெரியவில்லை. பிறகு நடுவில் நின்ற முகம் அழத் தொடங்கியது. கன்னத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள் இறங்கின. அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டார்கள். விடவே இல்லை.

விட்டபோதுதான் சுஹைர் பார்த்தாள். தங்கையின் முதுகில் இரண்டு கைகளும் பத்து விரல்களோடு அப்படியே பதிந்திருந்தன.

"ஐயோ! காலையில இதைப் போட்டுட்டுத்தானே கிளம்பணும்? கழட்டுடி, துவைச்சுத் தரேன்."

நிஸ்ரீன் கழுத்தைத் திருப்பி, ஜன்னல் கண்ணாடியில் தன் முதுகைப் பார்த்தாள்.

"துவைச்சா நாளைக்குக் காயாது. இருக்கட்டும்" என்றாள். "அந்த ஊர்ல யாராவது கேட்டா, எங்க அக்கா என்னை விடவே இல்லைன்னு சொல்லிக்கிறேன். நீ வா, பானை ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டிருக்கு. ஆளுக்கு ஒரு பக்கம் பிடி, கவுக்கலாம்."